பத்தில் ஒரு பங்கு

எனக்குக் கோபம் அதிகம். சாத்தூர்ப் பக்கம் வந்து தங்கப்பாண்டியன் காண்ட்ராக்டர் என்று விசாரித்தால், "யாரு, அந்தக் கத்துற ஆளா?" என்றுதான் கேட்பார்கள். கம்பி கட்டுகிறவன் ஒரு முடிச்சை விட்டாலும் கத்துவேன், கொத்தனார் பீடி பற்றவைக்க ஒதுங்கினாலும் கத்துவேன். கத்திக் கத்தியே இருபத்திரண்டு வருடமாகக் கட்டடம் கட்டுகிறேன். ஆனால் கத்தியே ஆக வேண்டிய ஒரு சமயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அது பெத்தணன் விஷயத்தில். அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. இருந்தாலும் நடந்தது முழுதாகத் தெரிந்தவன் நான், அதனால் நானே சொல்கிறேன்.

பெத்தணன் அச்சங்குளத்துக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை "அண்ணே" என்பேன், அவர் என்னை "அண்ணாச்சி" என்பார். "உங்க ரெண்டு பேர்ல யாருதான் தம்பி?" என்று எங்கள் சித்தாள் மாரிசெல்வி கேட்டுச் சிரிப்பாள்.

என்னிடம் வருவதற்கு முன்னால் இருபத்தொன்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கியவர். எங்கள் பக்கம் மருந்து என்றால் காய்ச்சலுக்கு விழுங்குவது அல்ல. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் சேர்ந்த கலவை. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடித்துவிட வேண்டும். செருப்பு கூடாது, நைலான் சட்டை கூடாது, செல்போன் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், எடை பிசகக் கூடாது. அவர் கலந்த அறையில் இருபத்தொன்பது வருடத்தில் ஒரு பொறி பறந்தது கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான்.

பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஒரு நாள் மத்தியானம் அறை வெடித்து நாலு பேர் போனார்கள். அன்றைக்கே அவர் மனைவி மாரித்தாய் முடிவு கட்டிவிட்டார். மறுநாள் காலையில் புருஷனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, வெடிக்காத வேலையா ஒண்ணு குடுங்க. எதுனாலும் சரி. இனி அங்கன போனாருன்னா நான் மல்லாங்கிணத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

"எனக்குக் கொத்து வேலை தெரியாதே," என்றார் பெத்தணன், என்னைப் பார்த்தல்ல, மனைவியைப் பார்த்து.

"கலக்கத் தெரியும்ல? அங்கன மருந்து, இங்கன சிமெண்டு. கலங்க," என்றார் மாரித்தாய்.

அப்படித்தான் அவர் எங்கள் கலவை மிஷினுக்கு வந்தார். வந்த முதல் நாளே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். செல்போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, பையைத் தூரத்து வேப்பமரத்தில் மாட்டினார். மாரிசெல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே, இது சிமெண்டுண்ணே, வெடிக்காது!" என்றாள். "பழகிப்போச்சு தாயி," என்றார் அவர். பழகியதை அவர் கடைசி வரை விடவில்லை. மிஷினுக்குள் எட்டிப் பார்த்து, ஜல்லியில் ஒரு வேப்பிலை கிடந்தால்கூடப் பொறுக்கி எடுத்த பிறகுதான் சுற்றவிடுவார். நான் கத்தாத ஒரே ஆள் அவர்தான். கத்துவதற்கு இடம் கொடுத்தால் அல்லவா?

போன வருடம் சிவகாசியில் ஒரு வேலை வந்தது. சூர்யபிரகாஷ் என்ற அச்சகக்காரர். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், எல்லாம் அடிப்பவர். அவர் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்கு வரும் பெண்கள் கைப்பிள்ளைகளையும் கூட்டி வருவார்கள். பிள்ளைகள் மேசைக்கு அடியில் காகிதக் கட்டின் மேல் படுத்துத் தூங்கும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் கட்ட வேண்டும் என்றார். பன்னிரண்டடிக்குப் பத்தடியில் ஒரு அறை, முன்னால் தளக்கல் பதித்த முற்றம், அவ்வளவுதான். பத்தொன்பது பிள்ளைகள் கணக்கில் இருந்தன.

சூர்யபிரகாஷின் மனைவி ஸ்ரீமதி சிவில் படித்தவர், கல்லூரியில் பாடம் எடுப்பவர். அச்சகத்தில் கழித்துப் போடும் பிளாஸ்டிக் தாள் மலைபோல் குவிகிறது. அதை எரிக்கவும் முடியாது. எங்கள் ஊரில் காற்றில் ஒரு தீப்பொறி பறந்தால் நாலு கிலோமீட்டருக்கு வயிறு கலங்கும். அந்தப் பிளாஸ்டிக்கை மிஷினில் போட்டுச் சில்லுச் சில்லாக நறுக்கி, மணலில் கொஞ்சத்தைக் குறைத்துவிட்டு அதற்குப் பதில் சில்லைப் போட்டுக் கான்கிரீட் கலக்கலாம் என்றார். ஒரு வருடம் கல்லூரியில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நல்லாக் கேட்டுக்கோங்க," என்றார். "மணல்ல பத்துல ஒரு பங்கு. சட்டிக் கணக்கு. பத்துச் சட்டி மணல் போற இடத்துல ஒம்பது சட்டி மணல், ஒரு சட்டி சில்லு. கூடிரவே கூடாது. கூடுச்சுன்னா பலம் போயிரும்."

"இருபத்திரண்டு வருசம் சர்வீஸும்மா," என்றேன். அந்தத் திமிருக்கு எவனாவது என்னை அன்றைக்கே செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

கூரைக்குக் கான்கிரீட் போடுகிற வாரம் ஸ்ரீமதிக்குப் பரீட்சை வேலை, வர முடியவில்லை. முதல் நாள் சாயங்காலம் நான் பெத்தணனிடம் சொன்னேன்.

"அண்ணே, இதுல மணல்ல பத்துல ஒரு பங்கு சில்லு போடணும்."

"பங்குன்னா பங்குதான அண்ணாச்சி?"

"ஆமாண்ணே, பங்குன்னா பங்குதான். இதுக்கெல்லாமா பாடம் நடத்தணும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான்தான் மடையன், புரிந்துகொள்ளவில்லை. கொத்தனாருக்குப் பங்கு என்றால் சட்டி. எங்கள் தொழிலில் எவனும் மணலை நிறுத்துப் பார்த்தது கிடையாது. மருந்து கலக்கியவருக்குப் பங்கு என்றால் எடை. அவர் வாழ்க்கையில் வேறு பங்கே கிடையாது. ஸ்ரீமதி சொன்ன "சட்டிக் கணக்கு" என்ற இரண்டு வார்த்தையை நான் விழுங்கிவிட்டேன். சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ற நினைப்பு.

மறுநாள் காலையில் நான் போனபோது மிஷின் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் தராசு நின்றது. மளிகைக் கடை ஒன்றில் இரவல் வாங்கி வந்திருந்தார். "பாருங்கடா, இவருதான் ஆளு! ஏலே, இவரைப் பாத்துக் கத்துக்கோங்கலே!" என்று மற்றவர்களைத் திட்டினேன். போட்டோகூட எடுத்தேன். ஒரு மூட்டை சிமெண்டுக்கு நூறு கிலோ மணல் என்றால், அதில் பத்துக் கிலோ எடுத்துவிட்டுப் பத்துக் கிலோ சில்லு போட்டார். மணலில் பத்துக் கிலோ முக்கால் சட்டி வரும். பிளாஸ்டிக் சில்லில் பத்துக் கிலோ மூன்றரைச் சட்டி. சட்டி சட்டியாகச் சில்லு போவதை நான் பார்த்தேன்.

"என்னண்ணே, இம்புட்டா?"

"சரியாப் பத்துக் கிலோ அண்ணாச்சி. ஒரு கிராம் பெசகல."

அந்தச் சமயம் பார்த்து ஜல்லி லோடுக்காரன் போனில் கூப்பிட்டான். நான் அவனைக் கத்தப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கலவை சரியாக இறங்காமல் மொறமொறவென்று நின்றது. "தண்ணி ஊத்துங்கண்ணே," என்றேன். அவர் தயங்கினார். "ஊத்துங்கண்ணே, நான் சொல்றேன்ல!" என்றேன். ஊற்றினார். தண்ணீர் கூடினாலும் கான்கிரீட்டின் பலம் குறையும். கூரை முழுக்க அந்தக் கலவைதான் போயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் பெரிய பாவம். கான்கிரீட் போடும் நாளில் அதே கலவையை எடுத்துச் சின்னச் சின்னப் பெட்டிக் கட்டிகளாக வார்க்க வேண்டும். கியூப் என்போம். இருபத்தெட்டு நாள் கழித்து அதை மிஷினில் வைத்து நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். நான் பார்த்த காண்ட்ராக்டர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டிக்கு மட்டும் தனியாகச் சிமெண்டு கூட்டிக் கலந்து வார்ப்பார்கள். நானும் வழக்கம்போல் ஓரத்தில் ஒரு தகரத்தில் கெட்டியாகக் கலந்தேன், பார்வைக்கு ரெண்டு கை சில்லைத் தூவினேன், ஆறு கட்டி வார்த்தேன். கூரையில் தப்பு நடக்கிறது என்று தெரிந்து செய்யவில்லை. கை பழக்கம். பழக்கம் என்று சொன்னால் குறைந்துவிடுமா என்ன?

இருபத்தெட்டு நாளில் ரிசல்ட் வந்தது. பிரமாதம். ஸ்ரீமதி போனில் குதிக்காத குறைதான். "நம்ம கல்லூரியில வந்ததை விடக் கூட வந்திருக்கு அண்ணாச்சி!" என்றார். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கூரை வேலை முடிந்து, முற்றத்துக்குத் தளக்கல் வார்க்க ஆரம்பித்தோம். அதற்கும் சில்லுதான். மாரிசெல்வி ஒன்பது சட்டி மணலுக்கு ஒரு சட்டி சில்லைத் தூக்கிப் போட்டாள். பெத்தணன் ஓடி வந்து தடுத்தார்.

"நிறுக்காமப் போடுறியே தாயி!"

"நிறுக்குறதா? நேத்து மேடம் வந்து நின்னு காமிச்சுட்டுப் போனாகண்ணே. சட்டிக்குச் சட்டிதான்."

அவர் அப்படியே மிஷின் அடியில் உட்கார்ந்துவிட்டார் என்று மாரிசெல்வி பிறகு சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் என்னைத் தேடி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணாச்சி, தப்புப் பண்ணிட்டேன். நாலு மடங்கு சில்லு போட்டிருக்கேன். கூரையைச் சுத்தியல்ல தட்டிப் பாத்தேன், சத்தமே சரியில்ல. அடியில முடி கணக்கா வெடிப்பு ஓடுது. உடைச்சிருவம் அண்ணாச்சி. நான் கூலி வாங்காம மறுபடி கலந்து தாரேன்."

மொறமொறவென்று நின்ற கலவையும், நான் ஊற்றச் சொன்ன தண்ணீரும் கண் முன்னால் வந்தன. கூரையை உடைத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கியூப் எப்படி நன்றாக வந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு சிவகாசியில் எவன் என்னைக் கூப்பிடுவான்?

"கியூப் நல்லா வந்திருக்குல்லண்ணே? பேசாமப் போய்ச் சாப்பிடுங்க," என்றேன். சாயங்காலமே அந்த வெடிப்பின் மேல் பூச்சுப் பூசச் சொல்லிவிட்டேன்.

அவர் பேசாமல் இருக்கவில்லை. மறுநாள் சூர்யபிரகாஷும் ஸ்ரீமதியும் வந்திருந்தபோது நேரே போய் அவர்கள் முன்னால் நின்றார். எடை போட்டுக் கலந்ததைச் சொன்னார். ஸ்ரீமதிக்கு முகம் மாறியது. "அண்ணாச்சி, கூரையில ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாத்துரலாமா?" என்று என்னைக் கேட்டார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தேன்.

"முதல் கலவை ஒண்ணு மட்டும் அப்படிப் போட்டாரும்மா. நான் பாத்து நிறுத்திட்டேன். அதைத் தரைக்குத்தான் கொட்டுனோம். கூரைக்குப் போனதெல்லாம் சட்டிக் கணக்குதான். கியூப்பே சொல்லுதே."

"இல்லம்மா, எல்லாக் கலவையும்…" என்று ஆரம்பித்தார் பெத்தணன்.

"அண்ணே, வயசாகுதுல்ல, மறந்துபோச்சு. இத்தன வருசம் மருந்துல கெடந்த மனுசன்மா, எதைப் பாத்தாலும் வெடிக்கும்னு பயம். செல்லைக்கூட மரத்துலதான் கட்டித் தொங்கவிடுவாரு," என்றேன்.

சூர்யபிரகாஷ் சிரித்துவிட்டார். ஸ்ரீமதியும் கொஞ்சம் சிரித்தார். "பயப்படாதீங்க, ரிசல்ட் கையில இருக்கு," என்று அவருக்கு ஆறுதல் சொன்னார். பெத்தணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் காத்திருக்கிற மாதிரி பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்குப் பதினான்கு நாள் இருந்தது. ஆவணி முகூர்த்தம், வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகும் அவர் வேலைக்கு வந்தார். தினமும் போகும்போது என் பக்கத்தில் வந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "வாரேன் அண்ணாச்சி," என்பார். "சரிண்ணே," என்பேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெண்டாட்டி சுகர் கூடிவிட்டதோ என்று டாக்டரிடம் கூட்டிப் போனாள். அந்த அறையில் தொட்டில் கொக்கி மாட்டுவதற்குத் துளை போட வந்த ஆள், "என்ன அண்ணாச்சி, டிரில் வெண்ணெய்ல போற மாதிரி போகுது?" என்றான். அவனையும் கத்தி அனுப்பினேன். இவ்வளவுக்கும் பிறகு, ஒன்றும் ஆகாது, கம்பி தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைப் போல் ஒரு ஈனப்பிறவி உண்டா?

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொன்றரை இருக்கும். மாரித்தாயிடமிருந்து போன் வந்தது. அழுகைக்கு நடுவில் "கூரை" என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

நடந்தது இதுதான். தான் சொல்வதை யாரும் நம்பவில்லை என்றானதும், கூரையையே சொல்லவைப்பது என்று பெத்தணன் முடிவு செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரு குஞ்சு இருக்காது. மாரித்தாயைக் கீழே வெளியில் நிறுத்தி மணலைச் சாக்கில் அள்ளச் சொல்லி, ஒவ்வொரு சாக்கும் இருபத்தைந்து கிலோ என்று நிறுத்து, தோளில் தூக்கி ஏணி வழியாகக் கூரைக்குக் கொண்டுபோய் நடுவில் அடுக்கியிருக்கிறார். அந்த அறைக்கூரை நல்ல கான்கிரீட்டாக இருந்தால் எண்பது சாக்கு வரை அசையாமல் தாங்க வேண்டும். நாற்பத்திரண்டாவது சாக்கை இறக்கி வைத்துவிட்டு நிமிரும்போது கூரை நடுவில் பிளந்து ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அவரும் சாக்குகளோடு உள்ளே போய்விட்டார்.

நான் போனபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. கொக்கிகள் வளைந்து தொங்கின. இடிபாட்டில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் சில்லு சிதறிக் கிடந்தது. பத்தொன்பது பிள்ளைகளை அந்த இடத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன், மனசுக்குள். வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாவது நாள்தான் என்னை உள்ளே விட்டார்கள். சூர்யபிரகாஷும் ஸ்ரீமதியும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். பெத்தணன் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீகளா?"

நான் உடைந்துபோனேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அண்ணே, நான் பொய் சொன்னேன்ணே. அந்தக் கியூப்… அது உங்க கலவை இல்லண்ணே. நான் தனியாக் கலந்தது."

"தெரியும் அண்ணாச்சி. நீங்க தகரத்துல கலக்கையில பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துனது நான்தான?"

"தெரியுமா? அப்ப ஏன்ணே அவுககிட்டச் சொல்லல? அதச் சொல்லியிருந்தா அன்னிக்கே நம்பிருப்பாகளே!"



"என் தப்ப நான் சொன்னேன். உங்க தப்ப நான் எப்பிடிச் சொல்ல? உங்கள நம்பி இருபது குடும்பம் இருக்கு. நீங்களாச் சொல்லிருவீகன்னு இருந்தேன். தெனமும் வந்து நின்னு பாத்தேன்ல?"

வெளியே வந்தேன். ஸ்ரீமதியின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். விழுங்கின வார்த்தை, ஊற்றச் சொன்ன தண்ணீர், தகரத்தில் கலந்தது, வெடிப்பை மூடிப் பூசியது, சிரித்துக்கொண்டு சொன்ன பொய், எல்லாம். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சூர்யபிரகாஷ் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். ஸ்ரீமதி வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். என்னை யாராவது அடித்தால் தேவலை என்று இருந்தது. யாரும் அடிக்கவில்லை.

மாரித்தாய் கஞ்சித் தூக்கோடு என் பின்னால் வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. முழுவதையும் கேட்டிருக்கிறார். கோபப்படவில்லை, அழவும் இல்லை. சரியாகக் காதில் விழுந்ததா என்று சந்தேகம் வந்தவர் மாதிரி கேட்டார்.

"அப்ப, நீங்க இதச் சொல்லிருந்தா எங்க வீட்டுக்காரரு மேல ஏறியிருக்கவே வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம் தாயி," என்றேன்.